தோல் உரிக்க ஆகாத கை

முந்திரிப் பருப்பின் சிவப்புத் தோலைக் கத்தியால் கீறினால் மட்டும் போதாது. இடுக்கில் ஒட்டியிருப்பதை நகத்தால்தான் நெம்ப வேண்டும். மாதக்கணக்கான சிகிச்சை முடிந்து அன்றுதான் கொல்லத்து ஆலைக்குத் திரும்பியிருந்தாள் விலாசினி. புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து அவள் நகங்களைக் கறுக்க வைத்து, சதையிலிருந்தும் கிளப்பி விட்டிருந்தது. ஒவ்வொரு பருப்புக்கும் உயிர் போய் வந்தது. வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தாள்.

வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்த மேஸ்திரி சுகதன் அவள் முன்னால் நின்றான்.

"கையை நீட்டு. எந்தக் கொட்டகையில ஓடு உடைக்கப் போன?"

முந்திரிக்கொட்டையின் ஓட்டை உடைக்கிற பெண்களின் விரல்களை அந்த ஓட்டில் இருக்கும் எண்ணெய் இப்படித்தான் கறுப்பாக்கும். தோல் உரிக்கிறவள் கை கறுத்திருந்தால், அவள் திருட்டுத்தனமாக வேறெங்கோ உடைக்கப் போனாள் என்றுதான் ஆலையில் பேசுவார்கள்.

"இது மருந்து பண்ணின வேலை, மேஸ்திரி."

"மருந்துல முடி கொட்டும். நகம் கறுக்குமா? சீக்குன்னு லீவு போட்டுட்டு வேற இடத்துல சம்பாதிச்சிருக்க."

பக்கத்தில் இருந்த ஜகதம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "முடியும்தான் கொட்டிருச்சு. தொப்பியைக் கழட்டிக் காட்டச் சொல்லவா? உன் பெண்டாட்டியா இருந்தா இப்படிக் கேப்பியா?"

"சேச்சி, உன் தட்டைப் பாரு." ஒரு ஈரச் சாக்குத் துணியை விலாசினியின் மடியில் வீசினான். "தேச்சுக் காட்டு. கறையா, மருந்தான்னு தெரிஞ்சிரும்."

விலாசினிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவன் முகத்தைப் பார்த்தபடியே தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. பெருவிரல் நகம் முழுதாகக் கழன்று தட்டில் விழுந்தது.

"ஐயோ!" என்று பதறினான் சுகதன். "வெளிநாட்டுக்குப் போற பருப்புடீ! முதல்ல அந்த நகத்தைத் தேடி எடு!"

அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கத்தியைப் போட்டுவிட்டுத் தட்டைக் கிளறினார்கள். ஜகதம்மா மட்டும் தன் முந்தானையைக் கிழித்து விலாசினியின் விரலில் சுற்றினாள்.

"இப்ப நம்புறீங்களா?" என்றாள் விலாசினி.

"நம்புறேன், போதுமா? அதுக்காக இந்தக் கையோட இங்க உக்கார வைக்க முடியுமா? ஓடு உடைக்கிற பக்கம் போ. அங்க எல்லாருக்கும் கறுத்த கைதான். உனக்கு நல்லதுதான் பண்றேன்."

"அந்த எண்ணெய் நல்ல தோலையே பொத்துப்போக வைக்குமே!"

"எண்ணெய் ஒட்டாம இருக்கச் சாம்பல் பூசிக்கோ. இஷ்டமில்லேன்னா வீட்டுக்குப் போ."

நாக்கு நுனிவரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு எழுந்தாள். விழுங்க வேண்டியிருந்ததுதான் வலியைவிட எரிந்தது.

அங்கே ஒரு மரச்சுத்தியலைக் கொடுத்து, கரி படிந்த கொட்டைகளை முன்னால் கொட்டினார்கள். முதல் ஓட்டிலேயே எண்ணெய் தெறித்து, சுற்றிய துணிக்குள் இறங்கியது. கண்ணில் பொறி பறந்தது. அடுத்த கொட்டையைக் கல்லில் வைத்தாள். சுகதனின் மண்டை என்று நினைத்துக்கொண்டு ஓங்கி அடித்தாள்.

பருப்பு தூள் தூளாக நொறுங்கியது. நொறுங்கியதைக் கூலிக்கான எடையில் சேர்க்க மாட்டார்கள்.