உப்பு கூடிய கை

மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே மருந்துக் கம்பெனிக்காரர்கள் வரிசையாகக் கடை போட்டிருந்தார்கள். டாக்டர் ஹிலாரியோ ஒவ்வொரு கடையாக நின்று முத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் தொங்கும் அட்டையின் பின்பக்கம் முழுக்கக் கட்டங்கள். கம்பெனிப் பெண் தன் மருந்தின் பெருமையைச் சொல்லும்போது தலையாட்டினால் ஒரு கட்டத்தில் முத்திரை விழும். எல்லாக் கட்டமும் நிரம்பினால்தான் மாலைக் குலுக்கலில் பெயர் சேரும். அவரவர் ஊரில் உயிரைக் காப்பாற்றும் பெரிய மனிதர்கள் இங்கே இலவசப் பேனாவுக்கும் துணிப்பைக்கும் முண்டியடிப்பதைப் பார்த்தால் பாதி நோயாளிகள் வைத்தியத்தையே நிறுத்திவிடுவார்கள். ஹிலாரியோவும் முண்டியடித்தார். அவர் வைத்தியம் பார்க்கும் தீவில் பேனாவுக்கு எப்போதும் தட்டுப்பாடு.

மருத்துவ உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் வயதான காலத்திலும் படித்து மதிப்பெண் சேர்த்தாக வேண்டும். அதற்காகத்தான் படகேறி, பிறகு வேனில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இலோய்லோ நகரத்துக்கு வந்திருந்தார். சிறுநீரக வைத்தியத்தில் புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று ஒரு முழுநாள் வகுப்பு. ஆனால் மதிப்பெண் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். தன்னை யாராவது 'ஹிலா' என்று கூப்பிட்டுக் கேட்க அவருக்கு ஆசை. தீவில் பிறந்த குழந்தை முதல் சாகக் கிடக்கும் கிழவன் வரை எல்லோருக்கும் அவர் டாக்டர்தான். இரண்டு வருஷம் இருந்துவிட்டு வா என்று இளம் வயதில் அனுப்பப்பட்டவர், திரும்பிப் போக மறந்து தலை நரைத்துப்போனார்.

"என்னடா ஹிலா, இன்னும் பொண்ணு அமையலையா?" கூடப் படித்த ரோமுலோ முதுகில் தட்டினான்.

"நீ பாத்துச் சொல்லுவேன்னுதான் காத்துக்கிட்டிருக்கேன்."

"இந்த வயசுல உனக்குப் பொண்ணு எதுக்குடா, நல்ல நர்சாப் பாக்கறேன்."

இருவரும் சிரித்தார்கள். அதற்குள் யாரோ ரோமுலோவின் மகனை விசாரித்தார்கள், மகன் இருக்கும் அமெரிக்க ஊரின் பெயர் வந்தது, அங்கே விழும் பனி வந்தது, பேச்சு ஹிலாரியோவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் காப்பிக் கோப்பையோடு கொஞ்சநேரம் ஓரமாக நின்றார். பிறகு யாரோ அழைத்ததுபோல மண்டபத்துக்குள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

மேடையில் ஓர் இளம் பெண் மருத்துவர் பேசிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு நோயாளியின் விவரம். வயதான, ஒல்லியான பெண். முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஒன்று புள்ளி இரண்டு. எண் எல்லை தாண்டினால் போடும் நட்சத்திரக் குறி எதையும் பரிசோதனைக் கூடம் போடவில்லை. "இவங்க சிறுநீரகம் நல்லா இருக்குன்னு நெனைக்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார். பாதி மண்டபம் தூக்கியது. ஹிலாரியோவும் தூக்கினார். எண் எல்லைக்குள் இருக்கிறது, குறியும் இல்லை, பிறகென்ன?

"நானும் முன்னால இப்படித்தான் தூக்கிக்கிட்டு இருந்தேன்" என்றார் அந்தப் பெண். "கிரியாட்டினின் எங்கேருந்து வருது? தசையிலேருந்து. இவங்க உடம்புல தசையே இல்லையே. சிறுநீரகம் கெட்டாலும் எண் நல்ல பிள்ளையாத்தான் இருக்கும்." தசையை நம்பாத வேறொரு ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறது, சிஸ்டாட்டின் என்று பெயர். அதைச் செய்து பார்த்தபோது இதே பெண்ணின் சிறுநீரகம் கால்வாசிதான் வேலை செய்துகொண்டிருந்தது. சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு தடவையாவது பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் அந்த வலி மாத்திரையையும் நிறுத்தியிருக்கலாம் என்றார். கடைசியாக, போகிற போக்கில் ஒன்று சொன்னார். "நாக்கும் மாறிடும். உப்பு உறைக்காது. சமைக்கறவங்களா இருந்தா, டாக்டருக்கு முன்னால புருஷன்தான் கண்டுபிடிப்பாரு." மண்டபம் சிரித்தது.

ஹிலாரியோ தூக்கிய கையை எப்போது இறக்கினார் என்று அவருக்கே தெரியவில்லை. தோரிங் அக்காவின் குழம்பு அவர் நாக்கில் வந்து நின்றது.

படகுத்துறைக்கு எதிரே தோரிங் அக்காவின் சாப்பாட்டுக் கடை. மூன்று வேளையும் அவருக்கு அங்கேதான். துவரையும் பலாக்காயும் பன்றிக்கறியும் போட்டு அக்கா வைக்கும் புளிப்புக் குழம்புக்கு அக்கம்பக்கத் தீவுகளிலிருந்தும் ஆள் வரும். கொஞ்ச நாளாக அதில் உப்பு ஏறியிருந்தது. "என்னக்கா, கடலையே மொண்டு ஊத்திட்டீங்களா?" என்று ஹிலாரியோ கேலி செய்தார். "டாக்டரு நாக்குக்கு வயசாயிடுச்சு" என்று அக்காவும் திருப்பிக் கொடுத்தார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் ரவிக்கை தோளில் தொளதொளத்ததையும், ரப்பர்ச் செருப்பின் வார் மட்டும் பாதத்தில் அழுந்திக் கிடந்ததையும் தினமும் பார்த்துக்கொண்டேதான் அவர் சாப்பிட்டார். அக்காவின் முழங்கால் வலிக்கு மாத்திரை கொடுத்ததும் அவர்தான்.

திருவிழாவுக்கு வந்திருந்த மகள் மரிவிக், அம்மா இளைத்துப்போனாள் என்று சண்டை போட்டு, அக்கரைக்குக் கூட்டிப் போய் ரத்தப் பரிசோதனை செய்துவந்தாள். தலைநகரை ஒட்டிய கவீத்தேயில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி. அம்மாவை அங்கே கொண்டுபோக ஒரு சாக்குக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தோரிங் அக்கா கண்ணைக் காட்டினார். "சொல்லுங்க டாக்டர், நான் நல்லாத்தானே இருக்கேன்? இல்லேன்னா இவ என்னை மூட்டை கட்டிடுவா." ஹிலாரியோ எண்ணைப் பார்த்தார். குறி இல்லை. "ஒண்ணும் இல்ல. நார்மல்" என்றார். சொல்லும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் வைத்தியனுடையதா, மூன்று வேளையும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுடையதா? இந்தக் கேள்வி இப்போதுதான் எழுந்தது. நல்ல வைத்தியனாக இருந்திருந்தால் சிறுநீரையும் பார்த்திருப்பான். பசித்தவன் அந்த எண்ணோடு நிறுத்திக்கொண்டான்.

வெளியே வந்து கழிப்பறைப் பக்கம் ஒதுங்கி நின்று போன் போட்டார்.

"மத்தியானம் என்ன போட்டாங்க டாக்டர்?" தோரிங் அக்காவின் குரலுக்குப் பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.

"பொட்டலத்துல கோழி."

"அதெல்லாம் தின்னு வயித்தைக் கெடுத்துக்காதீங்க. நாளைக்குக் குழம்பு வச்சிடறேன். இப்பதான் மரிவிக் கூப்பிட்டா. மறுபடி அதே பாட்டு. டாக்டரே நார்மல்னுட்டாரு, போடின்னேன்."

"அக்கா, அந்த முழங்கால் மாத்திரையை இன்னிக்கே நிறுத்திடுங்க."

"ஏன்?"

"வந்து சொல்றேன்."

மாலையில் குலுக்கல் நடந்தது. ஆள் மண்டபத்தில் இருந்தால்தான் பரிசு என்பதால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. "டாக்டர் ஹிலாரியோ மக்பனுவா" என்று பெயர் வாசிக்கப்பட்டது. சோறு வடிக்கும் மின்சாரக் குக்கர். "இனிமே கல்யாணமே வேண்டாம், பொண்டாட்டி வந்தாச்சு" என்று ரோமுலோ கத்தினான். மேடையில் குக்கரைக் கட்டிப்பிடித்தபடி ஹிலாரியோ படம் எடுத்துக்கொண்டார். தன் வாழ்க்கையிலேயே இவ்வளவு தனியாக எந்தக் கூட்டத்திலும் நின்றதில்லை என்று அவருக்குப் பட்டது.

மறுநாள் படகில் குக்கர்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சொல்லாமலேயே விடலாம் என்ற எண்ணம் வழி நெடுகக் கூடவே வந்தது. மாத்திரையை நிறுத்தியாயிற்று, உப்பைக் குறைக்கச் சொல்லலாம், ரத்த அழுத்தத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம், அக்கா இங்கேயே இருப்பார். கரை வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக அக்காவின் கடைக்கு நடந்தார்.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்து கடை காலியாக இருந்தது. பெட்டியைப் பார்த்ததும் தோரிங் அக்கா இடுப்பில் கை வைத்தார். "என்ன டாக்டர், தனிக்குடித்தனமா? என் சோறு புளிச்சுப்போச்சா?"

"உக்காருங்கக்கா. அந்த ரத்தப் பரிசோதனையை நான் தப்பாப் பாத்துட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னார். தசையைப் பற்றி, எண்ணைப் பற்றி, உப்பைப் பற்றி. இன்னொரு பரிசோதனை செய்தால்தான் உறுதியாகத் தெரியும், ஆனால் தன் மனதுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்றார். சிறுநீரக வைத்தியர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், காற்றுக் காலத்தில் படகு நின்றுவிடும் இந்தத் தீவு ஆகாது என்றும் சொன்னார். தோரிங் அக்கா உட்காரவில்லை. துடைத்த மேஜையையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மரிவிக்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"உங்ககிட்ட சொல்லாமலா?"

"யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கலாமே."

"படகுல வரும்போது பூரா அதைத்தான் நெனைச்சேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஹிலாரியோவுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். "கறி வாடையே ஆகல டாக்டர். சாயங்காலமானா காலு கனக்குது. எனக்கே என்னமோ தோணிச்சு. நீங்க நார்மல்னதும், அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

ஹிலாரியோ மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். கண்ணில் நீர்தான் வந்தது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, கத்தியால் நாடாவைக் கிழித்தார். குக்கரைத் தூக்கி வெளியே வைத்தார். பானையிலிருந்து அரிசியை அள்ளிப் போட்டுக் களைந்து, கழுவிய தண்ணீரை வாசலில் கொட்டினார்.

"வாங்க இப்படி. நான் போனப்புறம் பிஸ்கட்டைத் தின்னு சாகாதீங்க. விரலை விடுங்க. அரிசியைத் தொட்டுக்கிட்டு நிக்கணும், உள்ள குத்தக் கூடாது. தண்ணி முதல் கணுவுக்கு வந்ததும் போதும்னு சொல்லுங்க."

ஹிலாரியோ சுட்டுவிரலை இறக்கினார். அக்கா ஒரு கையால் செம்பைச் சரித்தார். இன்னொரு கையால் போனை எடுத்து, மகளின் எண்ணை அழுத்தி, காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். அந்தப் பக்கம் மணி அடிப்பது ஹிலாரியோவுக்கும் கேட்டது. தண்ணீர் சில்லென்று விரல் நுனியை மூடியது, நகத்தை மூடியது, மெதுவாக ஏறியது.

"போதுமா டாக்டர்?"

தண்ணீர் முதல் கணுவைத் தாண்டியிருந்தது. மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அவர் விரலைப் பார்த்தபடி போதும் என்று சொல்லாமல் நின்றார்.