முப்பது அடியில் நின்ற வளையம்

லென்ஸிலிருந்து ஏலக்காய் வாசம் வந்தது.

“நானூறு எம்.எம். பாய். பழைய ஜெர்மன் சரக்கு,” என்றார் யோகராஜ். “நான் சொல்ற விலைக்கு மதுரையில இதோட மூடிகூடக் கிடைக்காது.”

போடி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவருடைய ஸ்டூடியோ. என் திருமணத்தைப் படமெடுத்தவர் அவர்தான். அதனாலோ என்னவோ என் முகத்தைப் பார்க்காமல் லென்ஸையே துடைத்துக்கொண்டிருந்தார். வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். முழங்கை நீளம். உள்கண்ணாடியின் ஓரத்தில் நூல் நூலாகப் பூஞ்சை.

“எதுக்கு பாய், பறவை எடுக்கவா?”

“ஆமாண்ணே.”

“நல்லது. மனசுக்கு ஒரு சோலி வேணும்ல.”

பறவை இல்லை. என் மகள்.

ரமீஸா இறந்து பதினோரு மாதம் ஆகிறது. மூளைக்காய்ச்சல். நான்கு நாள். அஃப்ராவுக்கு அப்போது இரண்டு வயது. நான் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் தரம் பிரிக்கும் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். காலை எட்டு மணிக்குப் போனால் வீடு திரும்ப இருட்டிவிடும். வீட்டில் வேறு யாருமில்லை. மாமனார் அப்துல் அஜீஸ், அஃப்ராவின் நன்னா, குழந்தையை மலைக்குக் கொண்டுபோனார். அங்கே அவருடைய சின்ன ஏலத்தோட்டத்துக்குள் வீடு. வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வந்தேன்.

நான்காவது மாதம் மாமா கேட்டார். ரமீஸாவின் தங்கை முபீனாவை நான் கட்டிக்கொண்டால் பிள்ளைக்கும் நல்லது என்றார். எங்கள் பக்கம் நடப்பதுதான். அவர் தவறாகக் கேட்கவில்லை. முபீனாவுக்கு ரமீஸாவின் குரல். அடுக்களையில் அவள் பேசினால் நான் சட்டென்று திரும்பிப் பார்த்துவிடுவேன். முடியாது என்றேன்.

“அப்ப வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நீங்க வந்து போறது சரியா இருக்காது, மாப்ளே,” என்றார். “ஊரு பேசும். அவளுக்கு ஒரு இடம் அமையட்டும். அதுவரைக்கும் பொறுத்துக்கங்க.”

சரி மாமா என்றேன். கட்டிக்கொள் என்ற ஒன்றைத் தவிர, அந்த நாட்களில் யார் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஏழு மாதம் ஆகிவிட்டது. முபீனாவுக்கு இடம் அமையவில்லை.

ஜூனில் தோட்டங்களில் நிழல் மரங்களின் கிளைகளை வெட்டினார்கள். மழைக்காலத்தில் ஏலச்செடிக்கு வெளிச்சம் கிடைக்க வருடாவருடம் வெட்டுவார்கள். ஒரு லோடு விஷயமாக ஜீப்பில் போனேன். மலைச்சாலையின் ஒரு வளைவில் எதிர்ச்சரிவு திறந்து கிடந்தது. மாமா வீட்டுத் தகரக் கூரை. முற்றம். முற்றத்தில் ஒரு மஞ்சள் புள்ளி நகர்ந்தது. நான் ஜீப்பை நிறுத்தச் சொல்லவில்லை.

இயற்பியல் படித்தவன். கணக்குப் போட்டேன். நேர்கோட்டில் முந்நூறு மீட்டர் இருக்கும். நானூறு எம்.எம். இருந்தால் முகம் தெரியும். கிளைகள் மறுபடி தழைத்து வீட்டை மூட இரண்டு மாதம். அதற்குள் பார்த்தாக வேண்டும்.

“கொண்டு போய்ப் பாருங்க,” என்றார் யோகராஜ். “ஃபோகஸ் வளையம் கொஞ்சம் இறுக்கம். திருப்பத் திருப்ப இளகிரும். பிடிச்சா வச்சுக்கங்க, இல்லன்னா சாயங்காலம் கொண்டாங்க.”

வெளியே வந்தபோது மாமா ஒரு ஜீப்பிலிருந்து இறங்கி ஏலக்காய் ஏல மையத்துக்குப் போவதைப் பார்த்தேன். ஏலம் நடக்கும் நாளில் அவர் மாலைவரை போடியில்தான் இருப்பார். அப்போது அதற்குமேல் எதுவும் யோசிக்கவில்லை.

வளைவில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பத்தரை மணி. மேகமூட்டம் இல்லை. ரமீஸா போனபின் காமிராவை அன்றுதான் பையிலிருந்து எடுத்தேன். லென்ஸை மாட்டி, தடுப்புச் சுவரில் முழங்கையை ஊன்றிக் கண்ணை வைத்தேன்.

பச்சைக் கலங்கல். அதற்குள் ஒரு மஞ்சள் கலங்கல்.

வளையத்தைத் திருப்பினேன். அசையவில்லை. கைக்குட்டையைச் சுற்றித் திருப்பினேன். குறி முப்பது அடியில் நின்றிருந்தது. தொலைவுக்கான முடிவிலிக் குறி, அந்தப் படுத்த எட்டு, அதிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி இருந்தது. ஒரு விரல்கடைதான். பல்லைக் கடித்துத் திருப்பியதில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. மஞ்சள், கலங்கலாகவே ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நீளமாக ஒரு நீலக் கலங்கல் வந்து குனிந்தது. லென்ஸைச் சுவரில் அடித்து உடைக்கக் கையை ஓங்கினேன்.

“யானையா தம்பி?”

காய் எடுக்கப் போகும் ஒரு பெண். இடுப்பில் சாக்கைக் கட்டியிருந்தாள்.

“இல்லக்கா.”

“யானையெல்லாம் தேவாரம் பக்கந்தேன் எறங்குது. இம்புட்டுப் பெரிய குழாயை வச்சுக்கிட்டு இங்க என்னத்தப் பாக்குறீக?” காமிரா இருந்த திசையில் பார்த்தாள். சிரிப்பு நின்றது. “அது வயசுப் பிள்ள இருக்கிற வீடு. நீலச் சுடிதாரு அந்தப் பொண்ணுதேன். அங்கிட்டு வச்சு எடுக்காதீக. ஆரும் பாத்தா அடி விழுகும்.”

“அந்தப் பொண்ணை இல்லக்கா. சின்னப் பிள்ளையை.”

“அதையா? அது சரியான வாலு. இந்த வளைவுல போற ஜீப்பு ஒண்ணு விடாம டாட்டா காட்டும்.” என்னைக் கூர்ந்து பார்த்தாள். “நீங்க ஆரு?”

காமிராவைக் கீழே இறக்கினேன்.

“அதோட அத்தா.”

“அப்ப இங்கன எதுக்கு நிக்கிறீக? ஓடைப் பக்கமாப் பாதை கெடக்கு. வெரசா நடந்தா கால் மணி நேரம்.”

அவள் போய்விட்டாள். ஊர் பேசும் என்றுதான் மாமா வர வேண்டாம் என்றார். நான் இப்போது அதே வீட்டை நீளக் குழாய் வைத்து எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வளையம் மட்டும் திரும்பியிருந்தால் நாளையும் வந்து நின்றிருப்பேன். அதற்கு அடுத்த நாளும்.

இறங்கி நடந்தேன்.

வேலிக்கு வெளியே நின்றேன். முப்பது அடி தள்ளி அஃப்ரா மஞ்சள் ஸ்வெட்டரில் உட்கார்ந்து ஒரு கிண்ணத்தில் மண் அள்ளிக்கொண்டிருந்தாள். முகத்தை மறைக்க ஏதாவது வேண்டியிருந்தது. காமிராவைத் தூக்கினேன்.

இமை மயிர்வரை தெரிந்தது. மூக்கில் காய்ந்த சளி. புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. அது எனக்குத் தெரியாத தழும்பு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டாட்டா காட்டவில்லை.

“நன்னி, ஒரு ஆளு நிக்குது!”

மாமி மரியம் பீவி வெளியே வந்து அப்படியே நின்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, “முபீனா, நீ பின்னால போ,” என்றார். என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து வேலியோரம் போட்டார்.

“அசர் தொழுகை வரைக்கும் இருங்க, மாப்ளே. அவுக ஏலத்துக்குப் போயிருக்காக.” முந்தானையால் வாயைத் துடைத்தார். “பாதியாப் போயிட்டீங்களே.”

உட்கார்ந்தேன். அஃப்ரா தூணுக்குப் பின்னால் நின்றாள். “உங்க அத்தாடி, போ,” என்று மாமி தள்ளிவிட்டார். வரவில்லை. அரை மணி நேரம் அப்படியே நின்று என் மடியிலிருந்த லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓரடி ஓரடியாக வந்தாள். என்னைத் தொடவில்லை. லென்ஸின் முன்கண்ணாடியில் மூக்கை வைத்து மோந்தாள்.

“எங்க நன்னா வாசம்,” என்றாள்.

“ஆமா.”

மறுபடி மோந்தாள். அவள் தலை என் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கையை வைக்கலாமா என்று நான் முடிவு செய்வதற்குள் ஓடிவிட்டாள். இன்னும் இரண்டு தடவை வந்தாள். கடைசித் தடவை கையை வைத்தேன். தட்டிவிடவில்லை.

மாலையில் யோகராஜிடம் லென்ஸை நீட்டினேன். வளையம் அசையவில்லை என்றேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“தப்பு என்னோடதுதான் பாய். மழைக்குப் பூஞ்சை ஏறுதேன்னு மச்சானோட ஏலக்காய் ஸ்டோர்ல வச்சிருந்தேன். பச்சைக் காய் வாட்டுற சூடு இருக்குல்ல, ஈரம் அண்டாதுன்னு நெனச்சேன். உள்ள இருந்த கிரீஸ் உருகி ஓடி, அப்புறம் கல்லா இறுகிருச்சு போல. பூஞ்சையும் போகல, வாசம்தான் ஏறுச்சு.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: “மதுரையில ஒருத்தர் இருக்கார். பிரிச்சுக் கழுவி, புது கிரீஸ் போட்டுத் தருவார். என் செலவு. பத்தே நாள். அந்தாண்ட மலையில உக்காந்திருக்கிற பறவைகூடச் சுத்தமாத் தெரியும்.”

பத்து நாளில் கிளைகள் பெரிதாகத் தழைத்திருக்காது. வளைவில் நிற்கலாம். யாருக்கும் தெரியாது. மாமாவுக்குக் கொடுத்த வாக்கும் மீறியதாகாது. அவள் ஜீப்புகளுக்கு டாட்டா காட்டுவதை முகம் தெரியப் பார்க்கலாம். மாமா இன்று வீடு திரும்பியதும் பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிடும். அடுத்த முறை நாற்காலி இல்லாமலும் போகலாம்.

“வேண்டாம்ணே. இப்படியே கொடுங்க.”

“இத வச்சு என்னத்த பாய் எடுப்பீங்க? தூரத்துல எதுவுமே தெரியாதே.”

பணத்தை மேசையில் வைத்தேன்.

“ஒரு கவர்ல போட்டு இறுக்கிக் கட்டுங்க,” என்றேன். “வாசம் போயிரக் கூடாது.”

அடுத்த ஏலம் வியாழக்கிழமை. இன்னும் மூன்று நாள் இருந்தது.