தலைகீழாக நின்ற தாக் சாங்மோக்

எங்கள் ஊர் ஹேசான். கிழக்குக் கடற்கரையில் கணவாய் மீன் காயப்போடும் ஊர். ஊர்க் கால்பந்து அணியின் சின்னமும் கணவாய்தான். பத்துக் கால் உள்ள பிராணியைச் சட்டையில் குத்திக்கொண்டு, கொரியத் தொழில்முறைக் கால்பந்தின் இரண்டாம் பிரிவில் மூன்று ஆண்டுகளாகக் கடைசி இடத்தைப் பிடித்துவைத்திருந்தோம். அந்த இடத்துக்கு வேறு யாரும் போட்டி போடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

போன மே மாதம் சொந்த மைதானத்தில் ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். ஐந்தாவது கோல் எங்கள் கோல்காப்பாளர் தாக் சாங்மோக்கின் இரண்டு கால்களுக்கு நடுவே, அவசரமே இல்லாமல் உருண்டு போனது. அவருக்கு முப்பத்தாறு வயது. பந்துக்கு அதைவிட அதிகம் இருக்கும் போலிருந்தது.

ஆத்திரம் வந்தால் எங்கள் நாட்டு ரசிகர்கள் பாட்டிலை வீசுவதில்லை. வீரர்கள் பேர் எழுதிய பதாகைகளைத் தலைகீழாகக் கட்டுவார்கள். சத்தமில்லாத காரியம். ஆனால் விளையாடுகிறவனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. அன்றைக்கு ஆறு பதாகைகளைத் திருப்பிக் கட்டினோம். அதில் 'எங்கள் கதவு தாக் சாங்மோக்' என்ற பன்னிரண்டு மீட்டர் பதாகையை எழுதியவனும் நான்தான், திருப்பியவனும் நான்தான். கதவு திறந்திருந்ததால் ஆறில் அதை மட்டும் ரசித்துச் செய்தேன்.

அடுத்த ஆட்டத்துக்குள் கோபம் தணிந்து, பதாகைகளை நேராக்கத் தொடங்கினோம். ஐந்தை நேராக்கியதும் கேபிள் டை தீர்ந்துவிட்டது. வாங்கி வர நான் ஓடினேன். திரும்புவதற்குள் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. தாக் சாங்மோக் மட்டும் தலைகீழாகவே தொங்கினார். அன்று மூன்று கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். அவர் ஒரு பெனால்டியைத் தடுத்தார்.

"யாரும் அதத் தொடாதீங்க" என்றார் மேங் அண்ணன்.

மேங் அண்ணன்தான் எங்கள் ரசிகர் குழுவின் தலைவர். பன்றி எலும்பு சூப் கடை வைத்திருக்கிறார். ஆட்ட நாளில் பெரிய முரசை அடிப்பது அவர். எலும்பு வெட்டுகிற கை என்பதால் முரசுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை தோல் மாற்ற வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு இருபத்தொரு ஆட்டங்கள். பன்னிரண்டு வெற்றி, ஏழு சமன், இரண்டு தோல்வி. அந்த இரண்டு தோல்விகளுக்கும் எங்களிடம் விளக்கம் இருந்தது. ஒன்று, காற்றில் பதாகை மடிந்துகொண்ட நாள். இன்னொன்று, வெளியூரில் வாசல் காவலர் பதாகையை உள்ளே விடாத நாள். புதிய பயிற்சியாளர் வந்தது, நடு ஆட்டத்துக்கு ஒரு நல்ல பையன் கிடைத்தது, வீரர்கள் இரவில் சீக்கிரம் தூங்க ஆரம்பித்தது என்று பத்திரிகைகள் ஏதேதோ எழுதின. பத்திரிகைக்காரர்களுக்குக் கால்பந்து தெரியாது.

நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறேன். இரண்டு காரியங்கள் சேர்ந்து நடப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்று தேர்வில் இரண்டு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எழுதி முடித்த கையோடு மைதானத்துக்குப் போய், பதாகை சரியாகத் தலைகீழாக இருக்கிறதா என்று மட்டம் பார்த்தேன்.

நவம்பரில் ஒரே ஓர் ஆட்டம் மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, சொந்த மைதானம். சமன் செய்தால் போதும், ஐந்தாம் இடம். ஐந்தாம் இடம் என்றால் முதல் பிரிவுக்கு ஏறுவதற்கான ஆட்டங்களில் நாங்களும் உண்டு. ஊரில் கணவாய் விற்கிற பெண்கள்கூட மற்ற அணிகளின் புள்ளிக் கணக்கை வாயாலேயே கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் மேங் அண்ணன் கடையில் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாரே அக்கா. பல் மருத்துவமனையில் வேலை, குழுவில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர். கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் உயரமான ஆள் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். தாக் சாங்மோக்.

மேங் அண்ணன் அகப்பையைக் கீழே வைக்க மறந்து நின்றார். "உக்காருங்க தம்பி. சூப் வைக்கட்டா?"

"வேணாம்ணே. ஒரு விஷயம் கேக்க வந்தேன்." உட்கார்ந்து, கைகளை மேசைமேல் வைத்தார். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் இருந்தன. "என் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. புதுப்பிப்பாங்களான்னு தெரியல. ஞாயித்துக்கிழமதான் இந்த மைதானத்துல எனக்குக் கடைசியா இருக்கலாம். அந்தப் பதாகைய நேராக் கட்ட முடியுமா?"

மேங் அண்ணன் அகப்பையால் கொதிக்கிற எலும்பைக் கிளறினார்.

"கோவமாக் கட்டலீங்க இப்ப" என்றார் நாரே அக்கா. "ராசிக்குத்தான். உங்க மேல எல்லாருக்கும் உசுரு."

"தெரியும்க்கா. எங்க பசங்களே தொடாதன்னுதான் சொல்றாங்க. கேப்டன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி போட்டோ எடுத்து சரி பாக்குறான்." சிரிக்க முயன்றார். "ஆனா ரெண்டாவது பாதியில உங்க பக்கம்தான் நிக்கறேன். பந்து வெளிய போறப்பல்லாம் எடுக்கத் திரும்பினா என் பேரு தலைகீழாத் தொங்குது. ஆறு மாசமாச்சு. ராசின்னு மனசு சொல்லுது, கண்ணு ஒத்துக்க மாட்டேங்குது. ஒரு தடவ நேராப் பாத்துட்டுப் போயிடறேன்."

நான் கிண்ணத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.

"மே மாசம் கட்டினது தப்புன்னு சொல்லல" என்றார் அவர். "அந்த அஞ்சாவது கோலுக்கு நானே என்னத் தலைகீழாக் கட்டியிருப்பேன். யாரு கட்டினாங்களோ, சரியாத்தான் கட்டினாங்க."

"இவன்தான்" என்று மேங் அண்ணன் அகப்பையால் என்னைச் சுட்டினார். குழுத் தலைவர் என்றால் இப்படித்தான், எதையும் மறைக்க மாட்டார்.

சூப் எனக்குப் புரையேறியது. தாக் சாங்மோக் எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். பந்தைத் தட்டுகிற கை. இன்னும் கொஞ்சம் சூப் மூக்கு வழியாக வந்தது.

"நல்லா முடிச்சுப் போட்டிருக்கீங்க தம்பி" என்றார். "ரெண்டு புயல் அடிச்சும் அவுறல."

அவர் போன பிறகு மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை கைப்பேசிக் குழுவில் வாக்கெடுப்பு. பெயர் தெரியாத வாக்கு. 'பதாகையை நேராக்கலாமா?' ஆம் மூன்று, இல்லை நாற்பத்தொன்று. ஆம் சொன்னதில் நான் ஒருவன், நாரே அக்கா ஒருவர். மூன்றாவது ஆள் தவறுதலாக அழுத்தியிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். விவாதம் சூடாகவே நடந்தது. ஒருவர், தாக் சாங்மோக் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்றார். இன்னொருவர், அவரையே தலைகீழாக நிற்கச் சொன்னால் பேர் நேராகத் தெரியும் என்றார். இவர் நகராட்சியில் பொறியாளர்.

"நீ என்னடா பண்ணப் போற?" என்று நாரே அக்கா சனிக்கிழமை போனில் கேட்டார்.

"நாப்பத்தொரு பேரு சொல்லிட்டாங்களேக்கா."

"நாப்பத்தொரு பேருமா அத எழுதினாங்க?"



ஞாயிற்றுக்கிழமை. கடல் காற்று காதை அறுத்தது. எட்டாயிரம் பேர். போன ஆண்டு இதே மாதம் எழுநூறு பேர் வந்திருந்தார்கள், அதில் பாதி எதிரணி. சட்டைப்பைக்குள் கையைச் சூடாக்கும் பொட்டலத்தைப் பிசைந்துகொண்டு முதல் பாதி முழுக்க நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கம்பியில் கட்டியிருந்த என் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளை விசில் ஊதியபோது கோல் எதுவும் விழவில்லை.

இடைவேளை பதினைந்து நிமிடம். மேங் அண்ணன் முரசுக்குச்சியைக் கீழே வைத்தார்.

"நான் கழிப்பறைக்குப் போறேன்" என்றார் பொதுவாக. "வரிச பெருசா இருக்கு. பத்து நிமிஷம் ஆகும். எனக்கு ஒண்ணும் தெரியாது." எழும்போது அவர் கோட்டுப் பையிலிருந்து கம்பி வெட்டும் குறடு என் காலடியில் விழுந்தது. குனிந்து எடுக்காமல் போய்விட்டார். பின்னாலேயே ஒரு கட்டு கேபிள் டையும் விழுந்தது.

மூன்றாவது வாக்கு யாருடையது என்று அப்போதுதான் புரிந்தது.

நானும் நாரே அக்காவும் முன்கம்பிக்கு இறங்கினோம். முப்பத்திரண்டு முடிச்சு. ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையிலிருந்து நான் வெட்டினேன். பாதி வெட்டும்போதே பின்னால் ஆள் கூடிவிட்டது.

"டேய், புள்ளியியல். என்னடா பண்ற?"

"காத்துல மடிஞ்சிருக்கு. சரி பண்றேன்."

"திருப்புற மாதிரி தெரியுதே."

"மடிப்பு அந்தப் பக்கம்."

நகராட்சிப் பொறியாளர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். "அக்கா, வாக்கெடுப்பு நடந்துச்சில்ல? ஜனநாயகம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு. அந்த நுனியப் புடி" என்றார் நாரே அக்கா. வாயைத் திறங்க என்று நாள் முழுக்க மற்றவர்களிடம் சொல்லிப் பழகிய குரல். பொறியாளர் ஏன் என்று கேட்காமல் நுனியைப் பிடித்தார். பிறகு, பிடித்துவிட்டோமே என்று கட்டியும் விட்டார்.

வீரர்கள் இரண்டாவது பாதிக்கு இறங்கினார்கள். தாக் சாங்மோக் எங்கள் பக்கக் கோலை நோக்கி நடந்து வந்தார், கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே. நிமிர்ந்தார். நடை நின்றது. கம்பத்தின் அடியில் வழக்கமாகக் காலால் இரண்டு முறை தட்டுவார், அதை மறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார். நடுவர் விசிலடித்து அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஐம்பத்திரண்டாவது நிமிடம் எதிரணி கார்னர் உதையிலிருந்து தலையால் முட்டி கோல் போட்டது.

நாற்பத்தொரு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். எட்டாயிரம் பேரும் பார்த்தது போல எனக்குத் தோன்றியது, அது உண்மையாக இருக்க வாய்ப்பு குறைவு. "திருப்புடா", "இப்பவே திருப்பு" என்று நாலைந்து பேர் படியில் இறங்கி வந்தார்கள். ஒருவன் கையில் நகவெட்டி இருந்தது. நான் கம்பியின் மேல் குப்புறப் படுத்து, பதாகையோடு சேர்த்து அதைக் கட்டிக்கொண்டேன். ஐந்தாம் இடம் போனால் ஊரைவிட்டே போக வேண்டியதுதான் என்றும், எந்த ஊரில் புள்ளியியல் துறை இருக்கிறது என்றும் அந்த நிலையிலேயே யோசித்தேன்.

தாக் சாங்மோக் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்தார். மேலே பார்த்தார். நகவெட்டிக்காரனைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார். இருக்கட்டும் என்று. பிறகு பந்தை நடுவட்டத்துக்கு உதைத்தார்.

"ஆட்டத்தப் பாருங்கடா" என்று பின்னால் மேங் அண்ணனின் குரல். முரசு ஆரம்பித்தது. நகவெட்டி பைக்குள் போனது.

அடுத்த அரை மணி நேரத்தில் எதிரணி நான்கு முறை கோலை நோக்கி அடித்தது. நான்கையும் அவர் பிடித்தார். வெட்டிப் பாய்ச்சல் இல்லை, விளம்பரம் இல்லை. பந்து வருகிற இடத்தில் முன்கூட்டியே போய் நின்றார், வீட்டுக்கு வருகிற தபாலை வாங்குகிற மாதிரி.

எண்பத்தாறாவது நிமிடம் எங்களுக்கு அந்தக் கோடியில் கார்னர் கிடைத்தது. எங்கள் இடத்திலிருந்து அந்தக் கோல் கைப்பேசி அளவுதான் தெரியும். ஒரு கும்பல் குதித்தது. யாரோ விழுந்தார்கள். எங்களுக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் எங்களுக்கு நேர் முன்னால் தாக் சாங்மோக்கின் முதுகு இருந்தது. அது முதலில் விறைத்தது. அப்புறம் இரண்டு கைகளும் மெதுவாக மேலே போயின. அதைப் பார்த்துத்தான் கோல் என்று தெரிந்துகொண்டோம்.

எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருவனின் பிட்டத்தில் பட்டு உள்ளே போயிருந்தது என்று பிறகு காணொளியில் பார்த்தோம். அன்றைக்கு எனக்கு அது உலகத்திலேயே அழகான பிட்டமாக இருந்தது.

ஒன்றுக்கு ஒன்று. ஐந்தாம் இடம். பொறியாளர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுதுகொண்டே, "நீ திருப்பாம இருந்திருந்தா அந்தக் கோலே வாங்கியிருக்க மாட்டோம்" என்றார். "திருப்பலன்னா நம்ம கோல் விழுந்தே இருக்காதே" என்றான் நகவெட்டிக்காரன். இருவரும் அங்கேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். இது இந்த ஊரில் இன்னும் பத்து வருடம் ஓடும்.

வீரர்கள் வரிசையாக வந்து எங்களுக்குத் தலை குனிந்தார்கள். வணங்கி முடிந்ததும் தாக் சாங்மோக் மட்டும் கம்பியருகே வந்து, இடுப்பில் கை வைத்து, பதாகையை இடமிருந்து வலமாகப் பொறுமையாகப் படித்தார்.

"தம்பி" என்றார் என்னிடம். "என் பேரு கொஞ்சம் கோணலா இருக்கே."

பார்த்தேன். கடைசி எழுத்து சரிந்து கீழே இறங்கியிருந்தது. ஆறு மாதமாக யாருக்கும் தெரியவில்லை.

"புதன்கிழமைக்குள்ள சரி பண்ணிடறேன்ணே."

"சரி" என்றார். "புதன்கிழம ஆட்டம் வெளியூர்ல. காத்து அதிகமா இருக்கும். நல்லா இறுக்கிக் கட்டுங்க."

மறுநாள் காலை, புள்ளியியல் துறை வராந்தாவில் பன்னிரண்டு மீட்டர் துணியை விரித்தேன். வகுப்புக்குப் போகிறவர்கள் ஓரமாகச் சுற்றிப் போனார்கள். பேராசிரியர் ஒருவர் நின்று, கொஞ்ச நேரம் படித்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார்.