ஏறி இறங்கும் சங்கு

மீனம்மா அத்தை நீட்டிய தேத்தண்ணியைக் கையில் வாங்கிய பிறகுதான், என்ன பொய் சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை என்பது உறைத்தது. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வரை பஸ்ஸில் யோசித்ததெல்லாம் அழாமல் இருப்பது எப்படி என்றுதான். அத்தையின் மகள் சுதர்ஷினி செத்து முப்பத்தாறு நாளாகிவிட்டது. சவப்பெட்டி எனக்கு முன்னாலேயே வந்து மண்ணுக்குள் போய்விட்டது. இஸ்ரேலில் நல்ல வேலை இருக்கிறது, வா என்று அவளைக் கூப்பிட்டவள் நான்தான்.

அழகன் மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்து ஃபெக்டரியில் சங்கு ஊதுகிறவர் அவர். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஆள் கூட்ட, பகல் சாப்பாட்டுக்கு இறக்கிவிட, திரும்ப மலையேற்ற என்று இருபத்திரண்டு வருடமாக ஊதுகிறார். சுவிட்சைப் போட்டுவிட்டு சும்மா நிற்கிற ஆளில்லை. தூரத்து லயத்து வீடுகளுக்கும் கேட்கட்டும் என்று சுவிட்சை அழுத்தி அழுத்தி விடுவார்; சத்தம் ஏறி ஏறி இறங்கும். துரைமார் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள், அந்த ஊதல் மாறவில்லை. பன்னிரண்டு மணிப் பகல் சங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்ததால் என்னைப் பார்க்க லயத்துக்கு வந்திருந்தார்.

“அந்த நாட்டுல குண்டு வர்றதுக்கு முன்னால சங்கு ஊதுவாங்களாமே. ரேடியோவுல சொன்னான். ஊதலயா புள்ள?”

ஊதவில்லை என்று சொல்லியிருக்கலாம். முகம் தெரியாத யாரையோ ஆயுசுக்கும் திட்டிக்கொண்டு இருந்திருப்பார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

“ஊதுனாங்க மாமா. ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு மாதிரி ஊதுறாங்க. அங்க ஒரே சீரா ஊதுனா, யுத்தத்துல செத்தவங்கள நெனச்சு எந்திரிச்சு நிக்கணும். வேற மாதிரி ஊதுனா உள்ள ஓடணும். அவ வந்து பதினெட்டு நாளுதானே. வெளங்கல.”

“வேற மாதிரின்னா?”

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

அன்று அவள் பார்த்துக்கொண்ட கிழவியை மகன் வந்து கூட்டிப் போயிருந்தார். இரண்டு இரவு கண் விழித்த அசதியில் சுதர்ஷினி பகலிலேயே படுத்துவிட்டாள். சங்கு ஊதியபோது நான் பார்த்துக்கொண்ட கிழவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு குண்டுக்குப் பதுங்கும் கீழறைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அதே கட்டடத்து மேல் மாடியிலிருந்து அவள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே ஓடி வந்தாள். கண் பாதிதான் திறந்திருந்தது. “சங்கு ஊதிருச்சு வடிவு, வா,” என்று என்னைத் தாண்டிப் போய்த் தெருக்கதவைத் திறந்தாள். நான் கத்தினேன். ஆனால் கிழவரை விட்டுவிட்டு ஓடவில்லை. அதை நினைத்தால் என்னை எனக்கே பிடிப்பதில்லை.

“ஊதிக் காட்டு,” என்றார் மாமா.

“வேணாம் மாமா.”

“காட்டு புள்ள. எனக்குத் தெரியணும்.”

வாயைக் குவித்து, மெதுவாக ஊதினேன். ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டேன்.

மாமாவின் வலது கைப் பெருவிரல் முழங்காலில் அழுந்தி எழுந்தது, திரும்ப அழுந்தியது.

அத்தைக்கு எதுவும் புரியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

“எம்புள்ள ஒரு நாளும் பெரட்டுக்குப் பிந்துனதில்ல வடிவு. சங்கு கேட்டா தூக்கத்துலயே எந்திரிச்சு ஓடுவா. ‘எங்கப்பா ஊதுறதாச்சே’ம்பா.”

“ஆமா அத்த,” என்றேன்.

பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. மாமா எழுந்திருக்கவில்லை. திறந்த கதவு வழியாக எதிர்மலை தெரிந்தது. தேயிலை நிரைகளுக்குள் பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து ஃபெக்டரிப் பக்கம் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், மலையிறங்குவதா இன்னும் பறிப்பதா என்று தெரியாமல், பறித்த கொழுந்தைக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.