வக்கீலம்மாவின் பின்கதவு

அம்மா வேலை பார்க்கும் தையல் கம்பெனியிலேயே தானும் சேர்ந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று மகளுக்கு முதல் வாரத்திலேயே புரிந்துபோயிற்று. எதற்கெடுத்தாலும் நியாயம் பேசுகிறவள் என்று அம்மாவுக்கு அங்கே 'வக்கீலம்மா' என்று பெயர். அவள் வயிற்றில் பிறந்த பாவத்துக்கு மகள் 'சின்ன வக்கீல்' ஆனாள். அவளோ வாயே திறக்காதவள். சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிப்பது, மணியடித்தால் வீட்டுக்குப் போவது. அதற்குமேல் அவள் எதையும் கேட்டதில்லை.

அம்மாவின் இப்போதைய வழக்கு, பின்கதவு. மூன்றாவது மாடியிலிருந்து இறங்க முன்பக்கம் ஒரு படிக்கட்டு, பின்பக்கம் ஒன்று. பின்பக்கக் கதவை மறைத்துத் துணி உருளைகளை ஆளுயரத்துக்கு அடுக்கிவிட்டிருந்தார்கள். தீப்பிடித்தால் இத்தனை பேரும் எப்படி இறங்குவது என்று அம்மா சூப்பர்வைசரிடம் கேட்டாள். பார்க்கலாம் என்றார். மறுநாளும் கேட்டாள். அப்போதும் பார்க்கலாம்தான். வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சு. சாப்பிட உட்கார்ந்தால் பின்கதவு, விளக்கை அணைத்தால் பின்கதவு. மகளுக்குக் காது புளித்துவிட்டது. யாருக்குமே இல்லாத கவலை உனக்கு மட்டும் எதற்கு என்று சலித்துக்கொண்டாள்.

அவசர ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஒருநாள் அம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். நேரே போய் ஓர் உருளையைக் கட்டிப்பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். உருளை அவளைவிடக் கனம். சூப்பர்வைசர் ஓடிவந்து கத்தினார். அவள் காதிலேயே வாங்கவில்லை. மானேஜர் வந்தார். ஒவ்வொன்றாக எல்லா மெஷினும் ஓய்ந்தது. உதவிக்கு ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை; எல்லார் கண்ணும் சின்ன வக்கீல் மேல்தான். அவளுக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

இப்போதே போய் உட்காராவிட்டால் நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்றார் மானேஜர்.

"நாளைக்கு வரலைன்னா பரவாயில்ல சார். இன்னைக்கு இந்தக் கதவைத் திறந்துட்டுப் போறேன்," என்றாள் அம்மா.

மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், ஓய்ந்து கிடந்த மெஷின்களைப் பார்த்தார். கடைசியில் எரிந்து விழுந்தபடியே ஆட்களைக் கூப்பிட்டு உருளைகளை அகற்றச் சொன்னார். தாழ்ப்பாள் துருவேறிப்போயிருந்தது, சுத்தியலால் தட்டித்தான் திறக்க முடிந்தது. கதவு திறந்ததும் அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் கழிவறைப் பக்கம் நடந்தாள்.

மானத்தை வாங்கிவிட்டாளே என்று நாலு வார்த்தை கேட்க மகள் பின்னாலேயே போனாள். அங்கே அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவுக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதே அன்றுதான் மகளுக்குத் தெரிந்தது. கேட்க வந்ததை விட்டுவிட்டு அம்மாவின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள்.

"இவ்ளோ பயத்தை வச்சுக்கிட்டு உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?"

அம்மா வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "நீயும் இங்கதானே உக்காந்திருக்கே."

வேலை போகவில்லை. ஆனால் அம்மாவை இஸ்திரிப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள்; நாள் முழுக்க நின்றபடி ஆவியில் வேகிற வேலை. இனியாவது அடங்குவாள் என்று மகள் பெருமூச்சு விட்டாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. இஸ்திரிப் பெட்டி வயரெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது, மாற்றிக் கொடுக்காமல் தொடமாட்டேன் என்று பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

மகள் தலையிலடித்துக்கொண்டாள். பிறகு கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, எழுந்து அந்த அறைக்கு நடந்தாள்.