நாலாவது வரிசை

...அந்தச் சந்து வெடித்திருக்காது, எப்படி வெடிக்கும், மூன்று நாள் ஈரச்சாக்கு போட்டு மூடியல்லவா வைத்தாள், ஆனாலும் சாக்கை எடுத்த பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று தேவகிருபைக்கு ஒரே கவலை. அப்பாவின் கையைப் பிடித்தபடி, தலையைக் குனிந்தபடி, ராஜபாளையத்துப் புதுத் தேவாலயத்துக்குள் நடந்தாள். "பொண்ணுக்கு எம்புட்டு அடக்கம் பாரு" என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வண்டி கட்டி வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முணுமுணுக்க, அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது... அடக்கமாவது ஒன்றாவது, அவள் தளத்தையல்லவா பார்க்கிறாள். இந்தக் கல் ஒவ்வொன்றும் மாப்பிள்ளை சின்னத்துரை பதித்தது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு தென்னை ஈர்க்குக் கனம் சந்து விட்டு. அந்தச் சந்துகளில் சிமிட்டியைத் தண்ணீராய்க் கரைத்த பால் ஊற்றி, சற்று இறுகியதும் ஈரத்துணியால் குறுக்காகத் துடைத்தது அவள். வெறுங்காலில் ஒவ்வொரு சந்தும் தெரிகிறது, என்ன குளிர்ச்சி, என்ன சந்தோஷம், தான் அடைத்த தளத்தில் தானே மணப்பெண்ணாக நடக்க எத்தனை பேருக்கு வாய்க்கும்...

அந்த ஒரு சந்துதான். பீடத்திலிருந்து நாலாவது வரிசை. அன்று அவளைப் பார்த்துக்கொண்டே சின்னத்துரை வைத்த கல் விரலகலம் விலகிவிட்டது, அவன் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். தலைமைக் கொத்தனார் தங்கச்சாமி, அவளுடைய அப்பாதான், கோடு பிசகினால் கல்லைப் பெயர்த்து எறிகிறவர். கல்லோடு கல்யாணப் பேச்சும் போயிருக்குமே... அந்த அகலத்துக்குப் பால் ஊற்றினால் இறங்கி வெடிக்கும் என்று, மணலும் சிமிட்டியும் கெட்டியாகப் பிசைந்து திணித்து, கொத்துக்கரண்டிக்கு அடங்காத கோணலைக் கட்டைவிரலால் வழித்து, அவசரமாகச் சாக்கைப் போட்டாள். மறுநாள் விடிந்ததும் அப்பா சொன்னார்: "அவனுக்குக் கோடு பிசகாத கை. சரின்னு சொல்லிட்டேன் தாயி."

இதோ, நாலாவது வரிசை. வெடிக்கவில்லை. கட்டைவிரல் வழித்த தடம்கூட அப்படியே இருக்கிறது. அப்பா அவள் கையை மெல்ல அழுத்தினார்.

"நிமிந்து நட தாயி. அன்னைக்குச் சாயங்காலமே சாக்கைத் தூக்கிப் பாத்துட்டேன்."

பார்த்துவிட்டாரா... பார்த்த பிறகா மறுநாள் அப்படிச் சொன்னார்? நிமிர்ந்தாள். எதிரே சின்னத்துரை ஒன்றுமே தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றான், அவளுக்கும் சிரிப்பு வந்தது. அப்படியானால் அப்பா எதைப் பார்த்துச் சரியென்றார், அவன் வைத்த கல்லையா, இந்தக் கட்டைவிரல் தடத்தையா...