புருல் நிற்கும் தரை

1

இது எனக்கு வாய்த்த கதை அல்ல, தட்டிக்கொண்டு வந்த கதை. முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மலையூரான கொச்கோரில் நான் கட்டிய அறைக்கு என்ன தரை போடலாம் என்று கேட்கத்தான் எசென் வீட்டுக்குப் போனேன். மாஸ்கோவில் பதினோரு வருடம் டைல்ஸ் ஒட்டியவர், ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். மூன்று கிண்ணம் தேநீர் முடியும்வரை மனைவியைப் பற்றியே பேசினார். என் அறை இன்னும் வெறும் மண்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலையில் பனி உருகும் பருவத்தில், விதியால் வஞ்சிக்கப்பட்ட புருல் என்னும் பெண்..."

அடித்துவிட்டேன். எசெனின் மனைவி புருலைத் தெரிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்கள். முப்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது இரண்டும் போயிற்று, அவ்வளவுதான். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே பதில் கொடுப்பாள், தெருவுக்கே கேட்கிற குரலில்.

எனவே இப்படி: எசெனின் புது வீட்டில் சுவர் எழும்பி, கூரையும் ஏறி, தரை மட்டும் பாக்கி. அடியில் வெந்நீர்க் குழாய், மேலே சிமென்ட், அதன்மேல் பால் நிற டைல்ஸ் என்று எசென் முடிவு செய்திருந்தார். ஊரான் வீட்டுக் குளியலறைகளில் மண்டியிட்டுக் கிடந்தபோதெல்லாம் மனதுக்குள் அவர் ஒட்டிக்கொண்டிருந்தது இந்தத் தரையைத்தான்.

3

தச்சன் ஓமோர் இந்தக் கதைக்குத் தேவையா? இரண்டு முறை நீக்கிப் பார்த்தேன். நீக்கினால் உண்மையைச் சொல்ல ஆளில்லை. [பலகை விற்கப் பார்க்கிறானோ என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. இருக்கட்டும்.]

"டைல்ஸ் போடாதீங்கண்ணே. அண்ணிக்குக் காது போயிரும்."

"போன காது இன்னொரு தடவ எப்படிடா போகும்?"

"நான் கதவத் தொறக்கறதுக்குள்ள அண்ணி எனக்கு டீ ஊத்தி வச்சிருக்கே, எப்படின்னு நெனைச்சீங்க?"

"ஜன்னல்ல பாத்திருப்பா."

"அடுப்பப் பாத்து நிக்கிற ஆளுக்கு முதுகுலயா ஜன்னலு? பழைய வீட்டுப் பலகை அதிருதுல்ல, அதுல தெரிஞ்சுக்குது. நீங்க ஊர்ல இருந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

கடைசி வாக்கியம் எசெனுக்குச் சுருக்கென்று தைத்தது. [அவன் உண்மையில் சொன்னது இதைவிடக் காரம். நான்தான் தணித்தேன்.]

4

எசென் நம்பவில்லை. புது வீட்டின் ஒரு மூலையில் சிமென்ட் போட்டு டைல்ஸ் ஒட்டிக் காயவிட்டார். எதிர் மூலையில் ஓமோர் மரச்சட்டம் வைத்துப் பலகை அடித்தான். புருலை முதலில் டைல்ஸ் ஓரத்தில் வெறுங்காலோடு, சுவரைப் பார்த்து, கண்ணை மூடி நிற்க வைத்தார்கள்.

எசென் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தார். திரும்பி வந்தார். குதிகாலால் ஓங்கி மிதித்தும் பார்த்தார்.

"ஆரம்பிங்களேன்," என்றாள் புருல். "எவ்வளவு நேரம் நிக்கிறது? கால் சில்லுங்குது."

எசென் நடப்பதை நிறுத்திவிட்டார்.

பலகைக்கு மாற்றினார்கள். ஓமோர் அவளை ஏமாற்ற நுனிக்காலில் வந்தான்.

"திருட்டு நடை உனக்கு வராது ஓமோரு. எருமையாவே வா."

பிறகு எசென். நான்கு அடிதான் வைத்தார். புருல் கண்ணைத் திறந்து திரும்பினாள்.

"அந்த இடது முட்டியப் பத்தி எப்பத்தான் சொல்லப் போறீங்க?"

"முட்டிக்கென்ன?"

"வலது கால் முழுசா விழுது. இடது கால் பயந்து பயந்து விழுது. நீங்க ஊருக்கு வந்த அன்னிக்கே தெரியும். நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தேன்."

டாக்டரிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. ஒன்றுமே கேட்காத உலகத்தில் இவள் தனியாக இருக்கிறாள் என்று இத்தனை வருடம் இரக்கப்பட்டிருந்தார். அங்கே அவருடைய ஒவ்வொரு அடியும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மனிதர்களைக் கவனிப்பதே என் தொழில் என்று சொல்லிக்கொள்கிறேன். அவர் எதிரே அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தும் அந்தக் காலை நான் பார்க்கவில்லை.

5

முடிவு ஒன்று: எசென் பலகையே போடுகிறார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தின்மேல் நிற்கும் பலகையில் வெந்நீர்க் குழாயின் சூடு ஏறாது. இங்கே குளிர்காலம் ஆறு மாதம். அந்த முட்டி என்ன ஆகும்?

முடிவு இரண்டு: புருல் சொன்னபடி. "டைல்ஸே போடுங்க. உங்க காலுக்குச் சூடு வேணும். நான் பழகிக்குவேன்." அவள் நிஜமாகவே இப்படிச் சொன்னாள். "நீ ஒண்ணும் பழகிக்க வேணாம்" என்று எசென் கத்தினார். ஒரு மாதமாக இதே சண்டை.

முடிவு மூன்று: ஒரு அறையில் அது, ஒரு அறையில் இது, எல்லாரும் சந்தோஷமாக... எழுதி, கூசிப்போய்க் கிழித்தேன்.

என்னால் ஆகவில்லை. இனி நீங்கள்தான் எசென். தரையைப் போட்டு முடித்துவிட்டீர்கள். என்ன போட்டீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். உள்ளே புருல் உங்களுக்கு முதுகைக் காட்டியபடி மாவு பிசைகிறாள். வாசலில் பூட்ஸைக் கழற்றியாயிற்று. இடது காலை எடுத்து வையுங்கள்.